கணக்கில் முந்தும் பிள்ளைக்கு டபுள் பிரமோஷன் கேட்கலாமா?

நான்காம் வகுப்பு மகள் கணக்கைச் சட்டென்று முடித்துவிட்டு மீதி நேரம் வகுப்பில் சேட்டை செய்கிறாள், ஒரு வகுப்பு தாண்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்த எடுப்பில் அது வேண்டாம். கணக்கில் மட்டும் முந்துகிறவளுக்குக் கணக்கில் மட்டும் மேல்வகுப்பு போதும். 1975-ல் அடிலெய்டில் பிறந்த கணித மேதை டெரன்ஸ் டாவோ சிறுவயதில் ஒவ்வொரு பாடத்தையும் வெவ்வேறு வகுப்பில் உட்கார்ந்துதான் படித்தார்.

வழக்கமாக நடப்பது வேறு. சீக்கிரம் முடித்தவளுக்கு அதே மாதிரி இன்னும் இருபது வகுத்தல் கணக்கு கொடுப்பார்கள். வேகத்துக்கு அபராதம்! இரண்டு வாரத்தில் அவள் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வாள். இருபதுக்குப் பதில் ஒன்றே ஒன்று கொடுக்கலாம்: 4-ஆல் வகுத்தால் 3 மீதி, 5-ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எண் எது? 19 என்பாள். அடுத்தது? 39, 59. ஏன் இருபது இருபதாகக் கூடுகிறது என்று கேளுங்கள். அந்த வகுப்பு முழுக்க அவளுக்கு வேலை இருக்கும்.

மற்ற பாடங்களைக் கைவிட்டுவிடாதீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் உதவித்தொகையை இழந்தது கணக்கு வராமல் அல்ல, மற்ற பாடங்களில் தவறியதால்.

தலைமை ஆசிரியரிடம் பொதுவாக 'கெட்டிக்காரி' என்று பேசாமல், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையும் அவளுடையதும் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்று கால அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் வந்தால்தான் வேறு பாடத்தைத் தவறவிடாமல் அவள் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார முடியும். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.