காலைப் பாருங்கள், எந்த ஆமை என்று தெரியும்

கேள்வி: போன கிழமை மழைக்குப் பிறகு எங்கள் வளவுக்குள் ஒரு ஆமை வந்து நின்றது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள், பார்க்க நல்ல வடிவு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமி ஒரே பிடியாக நிற்கிறார். கடற்கரை பக்கத்தில்தானே, கொண்டுபோய்க் கடலில் விட்டால் அது தன்பாட்டில் போய்விடும் என்கிறார் கணவர். மகனோ அது கடலாமை இல்லை, தரையில் வாழ்வது என்று அழுகிறான். இப்போதைக்கு ஒரு மீன்பெட்டியில் வைத்து மூடியிருக்கிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யார் சொல்வது சரி?
வாசகி, உப்புவெளி

பதில்: மகன் சொல்வதுதான் சரி. தயவுசெய்து கடலில் விட்டுவிடாதீர்கள், விட்டால் செத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. நம் உலர் வலயத்துப் பற்றைக்காடுகளில் புல்லும் பழமும் தின்று வாழ்கிற நில ஆமை. மாரி மழை தொடங்கியதும் உற்சாகமாக வெளியே நடமாடும், அப்படித்தான் உங்கள் வேலிக்குள்ளும் நுழைந்திருக்கும். ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபுறமும் விரிவதால்தான் அந்தப் பெயர். நமக்கு அது வடிவு, அதற்கு அது ஒளிந்துகொள்ளும் உடுப்பு. காய்ந்த புல்லுக்குள் அசையாமல் கிடந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது.

வித்தியாசம் கேட்டீர்கள். ஓட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், காலைப் பாருங்கள். நில ஆமையின் கால் யானைக்காலைச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி உருண்டு தடித்திருக்கும், விரல்கள் தனித்தனியாகத் தெரியாது, முன்னால் நகங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கடலாமைக்குக் கால் என்று சொல்வதே பொருந்தாது, அது துடுப்பு. வள்ளத்துத் துடுப்பைப் போலத் தட்டையாக நீண்டிருக்கும், அதனால் தண்ணீரைத் தள்ளலாமே தவிர உடம்பைத் தூக்கி நடக்க முடியாது. ஓட்டின் அமைப்பும் அதற்கேற்றபடிதான்: நில ஆமைக்குக் கவிழ்த்த சட்டி போல உயர்ந்து நிற்கும், கடலாமைக்குத் தண்ணீரைக் கிழித்துப் போகத் தோதாகத் தாழ்ந்து வழுவழுவென்று இருக்கும்.

தமிழில் எல்லாவற்றுக்கும் ஆமை என்ற ஒரே சொல்லே போதுமாக இருப்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். ஆமை என்றால் தண்ணீரில் விட வேண்டியது என்று மனதில் பதிந்துவிட்டது. நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கைக்குள் வந்த ஒரு நட்சத்திர ஆமையை, பாவம் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது என்று நாங்கள் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து கிணற்றுக்குள் இறக்கிவிட்டோம். நல்லது செய்துவிட்டோம் என்றுதான் அன்றிரவு படுத்தேன். விடிய எட்டிப் பார்த்தால் மிதந்துகொண்டிருந்தது. நுரையீரலால் மூச்சுவிடுகிற பிராணி, பிடித்து ஏற ஒரு படிகூட இல்லாத கிணற்றில் எவ்வளவு நேரம் தத்தளித்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மாமிக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லித்தான் ஊரில் எத்தனையோ ஆமைகள் கல்லெறி பட்டிருக்கின்றன. ஓடு அது போட்டுக்கொண்ட சட்டை இல்லை, முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து விரிந்துதான் ஓடாகியிருக்கிறது, அதில் உணர்வு உண்டு, அடித்தால் வலிக்கும். வீட்டுக்கு அதனால் ஒரு கெடுதியும் வராது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பெட்டியைத் திறந்து, கண்ட இடத்துக்கு மிகக் கிட்டவாக உள்ள பற்றைக்குள், வாகனம் போகாத பக்கமாக விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மகன் ஆசைப்பட்டாலும் வீட்டில் வளர்க்க முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. வடிவாக இருப்பதே இதற்கு எமனாகிவிட்டது, செல்லப்பிராணியாக விற்பதற்கென்று இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏராளமாகக் கடத்தப்பட்டதால் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து, இதன் சர்வதேச வணிகத்தைத் தடை செய்தார்கள்.

கேள்வி: எங்கள் வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும் ஆமை இதில் எந்த வகை?
வாசகர், தம்பலகாமம்

பதில்: இரண்டும் இல்லை, மூன்றாவது வகை. அதற்கும் காலைத்தான் பாருங்கள்: விரல்கள் தெரியும், நகம் இருக்கும், விரல்களுக்கிடையில் வாத்துக்கால் போலச் சவ்வு இருக்கும். நடக்கவும் தெரியும், நீந்தவும் தெரியும். ஓடு மெத்தென்று தோல் மூடியிருந்தால் பாலாமை, கறுத்துக் கெட்டியாக இருந்தால் கறுப்பு ஆமை. கோடையில் குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், அல்லது வேறு தண்ணீர் தேடி நடக்கும். அப்படி நடக்கும்போது கண்டவர்கள்தான் நில ஆமை என்று எண்ணிவிடுகிறார்கள். இதைக் குளத்தில் விடலாம், கடலில் விடக்கூடாது.

கேள்வி: புறாத்தீவில் நீந்தும்போது ஒரு ஆமையைக் கண்டோம். கிட்டப் போயும் தலையை ஓட்டுக்குள் இழுக்கவேயில்லை. ஏதும் வருத்தமா?
வாசகர், திருகோணமலை

பதில்: வருத்தம் ஒன்றும் இல்லை, கடலாமையால் அது முடியாது. தலையையும் நாலு காலையும் உள்ளே அடக்குகிற ஆமையைத்தான் புலனடக்கத்துக்கு உவமையாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், அந்த உவமை நில ஆமைக்கும் குளத்து ஆமைக்கும்தான் பொருந்தும். கடலாமை ஒளிவதை விட்டு வேகத்தை எடுத்துக்கொண்டது.

வாய் கிளியின் அலகு போலக் கூராக வளைந்திருந்தால் நீங்கள் கண்டது அழுங்காமை, பவளப்பாறை இடுக்குகளில் கடற்பஞ்சுகளைத் தின்னும். சீப்பும் நகைப்பெட்டியும் செய்வதற்காக அதன் ஓட்டை உரித்து உரித்தே உலகம் முழுக்க அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாய் மழுங்கி, கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தால் பேராமை. எதுவாக இருந்தாலும் துரத்தாதீர்கள். அதுவும் மூச்செடுக்க மேலே வர வேண்டிய உயிர். அமைதியாகக் கிடந்தால் மணிக்கணக்கில் தாங்கும், பயந்து உதறினால் மூச்சுச் சீக்கிரம் தீர்ந்துவிடும். வலையில் மாட்டிய கடலாமை கடலுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாவது இதனால்தான்.

கேள்வி: எந்த ஆமை அதிக காலம் வாழும்?
வாசகி, மூதூர்

பதில்: நில ஆமைகளில் பெரிய இனங்கள். செயின்ற் ஹெலினா தீவிலுள்ள ஜொனதன் என்ற சீஷெல்ஸ் ராட்சத ஆமை 1832 அளவில் பிறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

கேள்வி: நிலாவெளிக் கரையில் இரவில் ஒரு பெரிய ஆமை ஏறி வந்து முட்டையிட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது. வலியில் அழுததா? முட்டைகளைப் பாதுகாப்பாக வேறு இடத்தில் வைக்கலாமா?
வாசகர், நிலாவெளி

பதில்: அழவில்லை. கடலாமைக்குக் கண்ணருகே உப்புச் சுரப்பி இருக்கிறது, உடம்பில் மிஞ்சும் உப்பை அந்த வழியாகத்தான் வெளியேற்றும். நில ஆமையிடம் இந்தச் சுரப்பி இல்லை, கடலில் விட்டால் அது பிழைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டையில் கைவைக்காதீர்கள். நம் நாட்டில் எந்த வகை ஆமையும் முட்டையிடுவது தரையில்தான். நட்சத்திர ஆமை ஒரு தடவையில் ஒரு கைப்பிடி முட்டைதான் இடும், கடலாமை நூறளவில் இடும். குழியை மூடிவிட்டுப் போனால் தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை, ஏறக்குறைய இரண்டு மாதம் மணலின் சூடுதான் அடைகாக்கும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடே: 29 பாகை செல்சியசை ஒட்டி இரண்டும் கலந்து வரும், கூடினால் பெண், குறைந்தால் ஆண். கிளறி வேறிடத்தில் புதைத்தால் இந்தக் கணக்கும் குழம்பும், முட்டைக்குள் கருவும் சிதையலாம். இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து கடலாமை இனங்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, முட்டை எடுப்பதும் குற்றம்.

தாய் ஏறி வரும்போது முன்னால் போய் நிற்காமல், டோர்ச் அடிக்காமல், கமராவின் பிளாஷ் போடாமல் தூரத்தில் இருங்கள். அப்புறம், பொரிக்கும் நாட்களில் கடலைப் பார்த்த லைட்டுகளை அணைத்துவைக்கச் சொல்லி அக்கம்பக்க ஹோட்டல்காரரிடம் கேளுங்கள். குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று ஓடும், லைட் எரிந்தால் வீதிக்கு வந்து டயரில் நசுங்கிவிடும். அப்படி வழிதவறிய குஞ்சைக் கண்டால் வாளித் தண்ணீரில் போட்டு விடியும்வரை வைத்திருக்க வேண்டாம். இருட்டான கரையில், அலைக்குச் சற்று முன்னால் மணலில் வையுங்கள், மிச்சத் தூரத்தை அதுவே ஊர்ந்து போகட்டும்.