காற்றடிக்கும் நாளில் பாஸ் மீனுக்கு எந்த இரை?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். லேக் ஃபோர்க் ஏரிக்கரையில் நின்று பாஸ் என்கிற நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடுவது வழக்கம். காற்று எழுந்து அலையடித்தால் ஒன்றுகூடக் கடிப்பதில்லை. நான்கு பெட்டி நிறையச் செயற்கை இரை வைத்திருக்கிறேன். இன்னும் எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். அந்த நான்கு பெட்டியில் ஒரு ஸ்பின்னர்பெய்ட், அதாவது வளைந்த கம்பியில் சுழலும் தகடுகளும் முள்ளும் கோத்த இரை, கட்டாயம் கிடக்கும். அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் எடையில், வெள்ளை அல்லது வெள்ளையும் இளம்பச்சையும் கலந்தது. மூங்கில் இலைபோல் ஒடுங்கிய தகடுகள் இரண்டு இருக்கட்டும். அதைக் கட்டிக்கொண்டு, காற்று வந்து மோதுகிற கரைக்குப் போங்கள்.

நீங்கள் அமைதியான மறைவுக் கரையாகப் பார்த்து ஒதுங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் செய்வதுதான். காற்று நுண்ணுயிர்களைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னாலேயே ஷாட் என்கிற பொடிமீன் போகும். அதற்குப் பின்னால் பாஸ். அலையில் வெளிச்சம் சிதறுவதால் மீனுக்கு உங்கள் தூண்டில் நரம்பும் சரியாகத் தெரியாது, இரையும் முழுசாகத் தெரியாது. மின்னி, அதிர்ந்து, நகர்ந்துகொண்டே இருக்கிற எதையும் அது பாய்ந்து பிடிக்கும். லேசான ரப்பர் புழுவை இந்த நாளில் மறந்துவிடுங்கள். காற்றில் நரம்பு வில்லாக வளைந்துவிடும். மீன் கடித்ததே கைக்குத் தெரியாது.

பொடிமீன் வடிவில் மும்முள் தொங்கவிட்ட கிராங்க்பெய்ட்டும் மீன் பிடிக்கும்தான். ஆனால் ஃபோர்க்கில் மூழ்கிய மரங்கள் அதிகம். அந்த இரையைக் கரையிலிருந்து வீசினால் மரத்துக்குத்தான் காணிக்கை. ஸ்பின்னர்பெய்ட்டின் வளைந்த கம்பி முள்ளுக்கு முன்னால் போய்க் கட்டையில் மோதி, இரையைத் தப்பிக்க வைக்கும்.

ஒரே ஒரு விலக்கு. காற்று இரண்டு மூன்று நாள் ஓயாமல் அடித்துக் கரையோரம் செம்மண் கரைத்ததுபோல் கலங்கிவிட்டால், ஒடுங்கிய தகடு பயன்படாது. அதன் மினுமினுப்பைப் பார்க்க மீனுக்கு வழியில்லை. அப்போது கொலராடோ என்கிற வட்டத் தகடு வேண்டும். அது அடிக்கிற அதிர்வை மீன் உடம்பால் உணரும். மெதுவாகச் சுருட்டுங்கள். கலங்கலும் தெளிநீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி இழுங்கள். லேசாக மங்கியதைக் கலங்கல் என்று எண்ணிவிடாதீர்கள். முழங்கால் அளவு நீரில் நின்றால் உங்கள் பாதம் தெரிகிறதா? தெரிந்தால் பழைய தகடே போதும்.

கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பன்னிரண்டு நிறத்தைக் காட்டி "இந்த வாரம் இதில்தான் கடிக்கிறது" என்பார். காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டிகளில் சிலர் இன்னும் மோசம். நான் முதன்முதலில் காசு கொடுத்துப் போனவர், படகிலிருந்து இறங்கும்முன் தனக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தின் இரையை என் தலையில் கட்டினார். ஆனால் அந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை நீரில் விட்டே ஆகவேண்டும் என்பதை வாய் திறந்து சொல்லவில்லை. மாநிலமெங்கும் பொதுவாக 14 அங்குலத்துக்கு மேல் எடுத்துப் போகலாம். இங்கே தலைகீழ். ஏரிக்கு ஏரி விதியை மாற்றினால் புதிதாக வருகிறவர் என்னதான் செய்வார்!

வீசும் விதத்துக்கு வருவோம். காற்றை நேருக்கு நேர் எதிர்க்க வேண்டாம். காற்று பக்கவாட்டில் அடிக்கும் முனையாகப் பார்த்து நின்று, கோலைத் தலைக்கு மேல் தூக்காமல் இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வீசுங்கள். இரை நீரில் விழுந்ததும் கோல்நுனியைத் தாழ்த்திவிட்டு உடனே சுருட்டத் தொடங்குங்கள்.