ரிமித்தி பாட்டை விடவில்லை

அன்புள்ள ஐயா,

அல்ஜீரியாவின் ராய் இசை பற்றி எழுதியபோது ஷேக்கா ரிமித்தியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். குடியையும் காமத்தையும் பாடியவர், 1976இல் மெக்கா போய்வந்த பிறகும் பாடினார் என்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பயணம் அவரிடம் எதைத்தான் மாற்றியது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வரியில் கடந்தது என் தவறுதான்.

குடியையும் புகையையும் விட்டார். பாட்டை விடவில்லை. இதை மனம் திருந்திய கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டு அவருக்குக் கெட்ட பழக்கம் அல்ல, பிழைப்பு. அவரிடம் இருந்த ஒரே சொத்து.

1923இல் சிதி பெல் அப்பேஸ் பக்கம் தெசாலாவில் பிறந்தார். இயற்பெயர் சாதியா. சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், பதினைந்து வயதில் ஊர் ஊராகப் போகும் பாட்டுக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. இருநூறு பாடல்களுக்கு மேல் மனசுக்குள்ளேயே கட்டி, மனசிலேயே வைத்திருந்தார்.

பெயர் வந்த கதையைப் பாருங்கள். ஒருநாள் மழைக்கு ஒரு மதுக்கடையில் ஒதுங்கியிருக்கிறார். ரசிகர்கள் அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு வாங்கித்தர ஆசை, ஆனால் பிரெஞ்சு தெரியாது. 'இன்னொரு சுற்று ஊற்று' என்பதற்கு அங்கே சொல்லும் 'ரெமெத்தே' காதில் விழுந்திருந்தது. அதை நாக்குக்கு வந்தபடி சொல்ல, ரிமித்தி ஆகிவிட்டார்.

1954இல் வந்த 'ஷர்ரக் கத்தா' பாட்டு கன்னிமைக் கட்டுப்பாட்டையே கிழிக்கிறது என்று கொதித்தார்கள். 1962இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை வந்தது. புதிய அரசும் அவரை வானொலியில் பாடவிடவில்லை. கல்யாண வீடுகள்தான் காப்பாற்றின. 1971இல் கார் விபத்து. குழுவில் மூன்று பேர் இறந்தார்கள், அவர் நினைவிழந்து கிடந்தார். மெக்கா போனது அதற்கு ஐந்து வருடம் கழித்து. இவ்வளவையும் தாண்டி வந்தவரைப் பாட்டை விடச் சொல்ல யாருக்கு உரிமை?

பிறகு பாரிஸ். அவருடைய பாட்டுகளை எடுத்துப் பாடிய இளைஞர்கள் புகழ்பெற்றார்கள், அந்த மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. 2006 மே மாதம், 83 வயதில், பாரிஸ் ஸெனித் அரங்கில் ராய் பாடகர் காலித் பங்கேற்ற நிகழ்ச்சியில் அவரும் பாடினார். இரண்டே நாளில் மாரடைப்பில் இறந்தார்.

கேட்க விரும்பினால் பழைய பதிவுகளில் தொடங்குங்கள். கஸ்பா என்ற நாணல் குழல் மூச்சோடு சேர்ந்து கரகரக்கும், குல்லால் முரசு விடாமல் தட்டும், மேலே அந்தக் கனத்த குரல். ஆங்கிலேய ராக் இசைக்கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் கிதார் சேர்ந்த 1994 பதிவை அப்புறம் கேட்கலாம்.