எந்தக் கியூப், எந்த ஒப்பந்தம்? ரஷ்ய, ஜெர்மன் கட்டட வேலைப் பத்திரங்களைத் தமிழாக்கும்போது

கேள்வி: என் கணவர் மேசன். 2024 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பிலிருந்து ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் 2025 ஒக்டோபர் முடிய வந்துவிட்டார். முகவர் தந்த தமிழ் மொழிபெயர்ப்பில் 'மாதச் சம்பளம் 100,000 ரூபிள்' என்று இருந்தது. அநேகமான மாதங்களில் கைக்கு வந்தது 63,000. கடைசி மூன்று மாதமும் வேறொரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, சுவரை அளந்து காசு கொடுத்தார்கள். திரும்பவும் ரஷ்யாவுக்கு வரச்சொல்லிக் கேட்கிறார்கள். இதற்கிடையில், பூச்சு வேலை செய்யும் என் தம்பிக்கு ஜெர்மனியிலிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதே முகவர்தான் தமிழாக்கினார். அதில் தம்பியைத் 'துப்புரவுத் தொழிலாளி' என்று போட்டிருக்கிறது. மிச்சக் காசை எடுக்க வழி உண்டா? தம்பி கையெழுத்து வைக்கலாமா?

பதில்: தம்பி இந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். கணவருக்கு வரவேண்டிய காசில் ஒரு பகுதியைச் சட்டப்படி கேட்கலாம். நீங்கள் நினைக்கிற முழுத்தொகை வராது. ஏன் என்பதை நீங்கள் அனுப்பிய படங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 100,000. ரஷ்ய மூலத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. 'அக்லாத் 30,000' ஒரு வரி, 'ப்ரேமியா தோ 70,000' அடுத்த வரி. அக்லாத் என்பது நிலையான அடிப்படைச் சம்பளம். ப்ரேமியா மேலதிகக் கொடுப்பனவு. நடுவில் நிற்கும் 'தோ' என்ற குட்டிச் சொல்லுக்கு 'வரை' என்று பொருள். மொழிபெயர்த்தவர் அந்தத் 'தோ'வை விழுங்கிவிட்டு இரண்டையும் கூட்டி 'மாதச் சம்பளம்' என்று எழுதிவிட்டார். 70,000 வரை என்றால் 60,000 கொடுத்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. நிறுவனத்தின் ப்ரேமியா விதிக்கோவை முழுத்தொகையையும் கட்டாயமாக்கியிருந்தாலன்றி, மாதம் 10,000 குறைந்ததற்காக வழக்காட வேண்டாம்.

அடுத்தது வரி. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வரி கழிக்க முன்னான தொகை. கையில் கிடைப்பதை ரஷ்யத் தொழிலாளர் 'நா ரூக்கி' என்பார்கள். அந்தச் சொல் உங்கள் பத்திரத்தில் எங்கும் இல்லை. தொடர்ந்த 12 மாதத்தில் 183 நாளுக்குக் குறைவாக ரஷ்யாவில் இருந்தவருக்கு, விசாவில் போய் வேலை செய்யும் உங்கள் கணவர் போன்றவருக்கு, வருமான வரி 30 வீதம். 183 நாளை எட்டி வரிக்கணக்கில் வதிவாளரானபின் இந்தச் சம்பள மட்டத்துக்கு 13 வீதம். ஜனவரிச் சம்பளத் துண்டைப் பாருங்கள்: 30,000 உம் 60,000 உம் சேர்ந்து 90,000. அதில் 30 வீதம், அதாவது 27,000 போக, 63,000. கணக்கு சரி. 2024இல் அவர் அங்கிருந்தது நான்கு மாதம்தான், ஆகவே அந்த வருடத்துக்கு 30 வீதம் முறையானது. 2025இல் பத்து மாதம் இருந்துவிட்டார். அந்த வருடத்துச் சம்பளம் முழுவதற்கும் 13 வீதமே எடுத்திருக்க வேண்டும். 90,000இல் 13 வீதம் 11,700. கைக்கு 78,300 வந்திருக்க வேண்டும். மாதம் 15,300 கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதத்துக்கு 107,100 ரூபிள். வருடம் முடிந்துவிட்டபடியால் இதை முதலாளியிடமல்ல, ரஷ்ய வரி அலுவலகத்திடம் வருமான அறிக்கை கொடுத்துத் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்று வருட அவகாசம் உண்டு. கடவுச்சீட்டில் உள்ள உள்நுழைவு, வெளியேற்ற முத்திரைகள்தான் இங்கே சாட்சி. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுக்க முதல் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

மே, ஜூன் துண்டுகளில் 'ஷ்த்ராஃப் 8,000' என்று ஒரு கழிவு இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதைச் 'சேவைக் கட்டணம்' என்கிறது. அது தண்டப்பணம். ரஷ்யத் தொழிற் சட்டக்கோவையின் 192ஆம் பிரிவு தொழிலாளிக்குக் கண்டிப்பு, கடுங்கண்டிப்பு, வேலைநீக்கம் என்ற மூன்று ஒழுக்காற்றுத் தண்டனைகளைத்தான் பொதுவாக அனுமதிக்கிறது. காசாகத் தண்டம் அறவிட இடமில்லை. இந்த 16,000ஐ வட்டியோடு கேட்கலாம். தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் மத்திய வங்கியின் பிரதான வட்டி வீதத்தில் 150இல் ஒரு பங்கு கணக்காகும் (236ஆம் பிரிவு).

கணவர் 'முற்பணம் வாங்கிக் கடன்பட்டேன்' என்று வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். அவர் யாருக்கும் கடன்படவில்லை. துண்டில் இருக்கும் சொல் 'அவான்ஸ்'. ரஷ்யாவில் மாதத்துக்கு இரண்டு தரமாவது சம்பளம் கொடுக்க வேண்டும் (136ஆம் பிரிவு). முதல் அரை மாதத்துக்கான பங்கைத்தான் பேச்சு வழக்கில் அவான்ஸ் என்கிறார்கள். செய்து முடித்த வேலையின் கூலி அது. ஜெர்மனில் இந்த வேறுபாட்டுக்கு இரண்டு சொற்களே உண்டு: செய்த வேலைக்கு இடையில் தருவது 'அப்ஷ்லாக்', செய்யாத வேலைக்கு முன்கூட்டித் தருவது 'ஃபோர்ஷுஸ்'. வீட்டுத்திட்டக் காலத்தில் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வந்த காசை எங்கள் சனங்கள் யாரும் கடன் என்று சொல்லவில்லை. அப்ஷ்லாக் அந்த வகை. 'இடைக் கொடுப்பனவு' என்று எழுதினால் போதும். 'முற்பணம்' என்று எழுதினால், பிறகு அதைத் திருப்பிக் கழிக்க ஒரு வழியைத் திறந்து விடுகிறோம்.

இனிக் கடைசி மூன்று மாதம். பெரிய இழப்பு இங்கேதான். முதல் பத்திரம் 'துருதவோய் தகவோர்', அதாவது தொழில் ஒப்பந்தம். ஓகஸ்ட் மாதப் பத்திரம் 'தகவோர் பத்ரியாதா'. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் தலைப்பு 'வேலை ஒப்பந்தம்'. எங்களிடம் இதற்கு நல்ல சொல் இருக்கும்போது ஏன் இந்தக் குழப்பம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவரைக் கூலிக்கு வைப்பது வேறு, வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுப்பது வேறு என்பது வன்னியில் கையாளாய் நிற்கிற பொடியனுக்கும் தெரியும். பத்ரியாத் என்பது கொந்தராத்து. 'கொந்தராத்து ஒப்பந்தம்' என்று எழுதியிருந்தால், விடுமுறைச் சம்பளமும் மேலதிக நேரக் கூலியும் அடிபடப்போகிறது என்று கணவர் அப்போதே கேட்டிருப்பார்.

நல்ல காலமாக ரஷ்யச் சட்டம் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை. உண்மையில் தொழில் உறவாக இருப்பதைக் கொந்தராத்து என்று எழுதக்கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. தீராத சந்தேகம் இருந்தால் தொழில் உறவுக்குச் சார்பாகவே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 19.1ஆம் பிரிவு. அதே தளம், அதே நேர அட்டவணை, அதே 'பிரராப்' (தள மேற்பார்வையாளர்), நிறுவனத்தின் சாரமும் கருவிகளும்: இவற்றைக் காட்டும் படங்களும் குரற்பதிவுகளும் கணவரின் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம்.

அளவுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய 'நர்யாத்' துண்டை நான் பலமுறை பார்த்தேன். நர்யாத் என்பது செய்ய வேண்டிய வேலையும் அளவும் விலையும் எழுதும் வேலைத்துண்டு. அதில் பிரராப்பின் கையெழுத்துடன் 'கிளாத்கா, 22,8 கூப், 3 000' என்று இருக்கிறது. கிளாத்கா செங்கல் கட்டு. கூப் என்றால் கன மீட்டர். தமிழ்த் தாளில் இது 'கியூப்' ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு கியூப் மணல், ஒரு கியூப் கல் என்றால் 100 கன அடி. ஒரு கன மீட்டரோ 35.3 கன அடி. எங்கள் ஒரு கியூப்புக்குள் 2.83 கன மீட்டர் அடங்கும். கணவர் கட்டிய சுவர் 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், ஒன்றரைக் கல் கனம், அதாவது 380 மில்லிமீட்டர். பெருக்கினால் 22.8 கன மீட்டர். அது 805 கன அடி, எங்கள் கணக்கில் எட்டுக் கியூப். தமிழ்த் தாளில் எட்டைப் போட்டு 3,000ஆல் பெருக்கி 24,000 ரூபிள் கொடுத்திருக்கிறார்கள். ரஷ்யத் துண்டின்படி வரவேண்டியது 68,400. வரி 13 வீதம் கழித்தாலும் 59,508. ஒரே ஒரு சுவரில் இவ்வளவு. மற்ற நர்யாத் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கணவர் அளவு குறித்து வைத்த கொப்பியில் உள்ள கியூப் ஒவ்வொன்றையும் 2.83ஆல் பெருக்கி அவற்றோடு ஒப்பிடுங்கள்.

'22,8' இல் இருக்கும் காற்புள்ளியையும் கவனியுங்கள். ரஷ்யரும் ஜெர்மானியரும் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். ஜெர்மனில் 1.450,00 என்றால் ஆயிரத்து நானூற்று ஐம்பது.

இந்த மொழிபெயர்ப்பு போன் செயலியில் செய்தது என்பதற்கு அதற்குள்ளேயே சாட்சி இருக்கிறது. கணவரின் கடமைகளில் 'காடுகளை நிறுவுதல்' என்று ஒன்று. மூலத்தில் இருப்பது 'லெசா'. காட்டுக்கும் சாரத்துக்கும் ரஷ்யத்தில் அதே எழுத்துகள்தான். 'ரஸ்த்வோர்' கரைசல் ஆகியிருக்கிறது. கட்டடத்தில் அது சாந்து. 'காமென்ஷிக், 4ஆம் ரஸ்ரியாத்' என்பது 'கல் வேலையாள், 4ஆம் பிரிவு' ஆகியிருக்கிறது. காமென்ஷிக் என்பது மேசன். ரஸ்ரியாத் தொழில் தரம். மேசனுக்கு 2 முதல் 6 வரை தரம் உண்டு, எண் கூடக் கூடத் தேர்ச்சி கூட. கையாளைப் 'பத்சோப்னி ரபோச்சி' என்பார்கள். அப்படி எழுதிவிட்டு மேசன் வேலை வாங்குவது வழக்கமான ஏமாற்று. உங்கள் கணவருக்கு அது நடக்கவில்லை.

தம்பியின் 'துப்புரவுத் தொழிலாளி'யும் இதே வகைப் பிழை. ஜெர்மன் மூலத்தில் 'புட்ஸர்' என்று இருக்கிறது. புட்ஸன் என்ற வினை துடைப்பது, கட்டடத்தில் புட்ஸ் என்றால் பூச்சு. தம்பி பூச்சு மேசனாகத்தான் எழுதப்பட்டிருக்கிறார். அதைத் திருத்திவிடலாம். நான் கையெழுத்து வேண்டாம் என்பதற்குக் காரணம் தலைப்பு: 'வெர்க்ஃபெர்ட்ராக்'. சொல்லைச் சொல்லாகப் பெயர்த்தால் வேலை ஒப்பந்தம். சட்டத்தில் அது கொந்தராத்து. தொழில் ஒப்பந்தம் 'அர்பைட்ஸ்ஃபெர்ட்ராக்'. கூலி சதுர மீட்டருக்கு இத்தனை யூரோ என்று இருக்கிறது, மணிக்கூலி இல்லை. பின்னால் 'கெவெர்பெ அன்மெல்டுங்' என்ற படிவமும் இணைத்திருக்கிறார்கள். அது சொந்தத் தொழில் பதிவு. அதில் கையெழுத்திட்டால் தம்பி தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டார். ஜெர்மனியின் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி 2026 ஜனவரி 1 முதல் மணிக்கு 13.90 யூரோ, அது தொழிலாளிக்கு மட்டும். தம்பி சாரத்தால் விழுந்தாலும் தொழிலாளிக்குரிய காப்புறுதி மறுக்கப்படலாம். இந்தத் தாளை வைத்துத் தொழில் விசாவும் கிடைக்காது. சுற்றுலா விசாவில் போகச் சொல்வார்கள், போய் வேலை செய்தால் அது சட்டவிரோத வேலை.

முகவரிடம் இரண்டு பத்திரம் கேளுங்கள். ஒன்று, வேலைகொள்பவர் கையெழுத்திட்ட அர்பைட்ஸ்ஃபெர்ட்ராக். அதில் மணிக்கூலி 'ப்ருட்டோ' (வரி கழிக்க முன்), கூலித் தரம், வார மணித்தியாலம் மூன்றும் இருக்க வேண்டும். மற்றது, ஜெர்மன் தொழில் விசாவுக்கு வேலைகொள்பவரே நிரப்பித் தரும் தொழில் உறவுப் பிரகடனப் படிவம். உண்மையான முதலாளி இவற்றைத் தரத் தயங்கமாட்டார். சரியான ஒப்பந்தம் வந்தாலும் இரண்டு சொல்லைத் தேடுங்கள். 'அவுஸ்லோஸெ' என்பது ஊர்விட்டு வேலைசெய்வோரின் சாப்பாடு, தங்குமிடச் செலவுக்கானது. அதைக் கூலியோடு கூட்டி ஆகக்குறைந்த கூலிக்குக் கணக்குக் காட்ட முடியாது. 'அவுஸ்ஷ்லுஸ்ஃப்ரிஸ்ட்' என்பது உரிமை கேட்கும் கெடு. கட்டடத் தொழிலின் கூட்டு உடன்படிக்கையில் அது இரண்டே மாதம். அதற்குள் எழுத்தில் கேட்காவிட்டால், ஆகக்குறைந்த கூலிக்கு மேற்பட்ட பாக்கி போய்விடும். 'ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்க முடியாது.

கணவர் திரும்ப ரஷ்யா போவதானால், பத்திரத்தில் 'வயேன்னயா ஸ்லுஷ்பா' அல்லது 'மினிஸ்தேர்ஸ்த்வா அபரோனி' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னையது இராணுவ சேவை, பின்னையது பாதுகாப்பு அமைச்சு. வேறு வேலை என்று சொல்லப்பட்டுப் போன இலங்கையர் படையில் சேர்க்கப்பட்டதும், 2024இல் எங்கள் பாதுகாப்பு அமைச்சு அதுபற்றி முறைப்பாடு பெற்றதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. அப்படி ஒரு சொல் இருந்தால் வேறெதையும் வாசிக்கத் தேவையில்லை, போகவேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. ரஷ்யத்திலிருந்து நேரே தமிழாக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அகப்படுவது கடினம். கொழும்பில் ரஷ்யத்திலிருந்து ஆங்கிலம், இங்கே ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு கை மாறும். ஒவ்வொரு கையிலும் சொல் தேய்கிறது. ஆகவே இருவரிடமும் ஒரே நிபந்தனை வையுங்கள்: கூலி, அளவு, ஒப்பந்த வகை, தொழிற்பெயர் நான்கிலும் மூலச்சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் பொருள் போடவேண்டும், அளவுகளை மீட்டரிலேயே விட வேண்டும். முகவர் தந்த பிழையான தாளைக் கிழித்துவிட வேண்டாம். அதுதான் அவருக்கெதிரான முதற்சான்று. அதை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியோடு சேர்த்து வையுங்கள்.

முகவருக்கு எதிரான முறைப்பாட்டை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குக் கொடுங்கள். தொலைபேசி 1989, பிரதேச செயலகத்திலுள்ள பணியகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உதவுவார். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று அங்கேயே கேளுங்கள். இல்லாமல் ஆட்களை அனுப்புவது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

ரஷ்யாவில் கேட்பதற்கு, அங்குள்ள சட்டத்தரணி ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (கணவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும். கொழும்பிலுள்ள ரஷ்யத் தூதரகத்தின் கொன்சியூலர் பிரிவில் அதைச் செய்யலாம். சம்பள வழக்குக்குத் தொழிலாளியிடம் நீதிமன்றக் கட்டணம் இல்லை (393ஆம் பிரிவு). கெடு, காசு தரவேண்டிய திகதியிலிருந்து ஒரு வருடம் (392ஆம் பிரிவு). கணவரின் ஒப்பந்தப்படி மாதக் கடைசிக் கணக்கு அடுத்த மாதம் 10ஆம் திகதி. ஆகவே மே மாதத் தண்டத்துக்கு 2026 ஜூன் 10, ஜூன் மாதத்துக்கு ஜூலை 10, ஓகஸ்ட் சுவர்களுக்குச் செப்டெம்பர் 10. சுவர்க் காசைக் கொந்தராத்தாகவே கேட்டால் மூன்று வருடம் உண்டு. ஆனால் கொந்தராத்தைத் தொழில் உறவு என்று நிறுவக் கேட்பதற்கு, உரிமை மீறப்பட்டது தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதமே கெடு. ஆகவே அந்த வழியைக் கைவிடாமலிருக்க, செப்டெம்பர் 10 வரை காத்திராமல் உடனே சட்டத்தரணியிடம் கேளுங்கள். என்னிடம் வரும்போது நர்யாத் துண்டுகளின் மூலப்பிரதி, சம்பளத் துண்டுகள், கடவுச்சீட்டு, கணவரின் அளவுக் கொப்பி நான்கையும் கொண்டுவாருங்கள்.