பச்சைக் குழந்தையின் மூச்சு: எப்போது ஓடணும், எப்போது தூங்கலாம்?

பிறந்து மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள்: குழந்தைநல மருத்துவரும், பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியரும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: பையன் பொறந்து 12 நாள் ஆச்சுங்க. எங்கம்மா ஊட்டுல இருக்கேன். தூங்கறப்ப வேகவேகமா மூச்சு வாங்கறான், அப்புறம் அஞ்சாறு நொடி நெஞ்சே அசையறதில்லைங்க. தொட்டதும் மறுபடி வாங்கறான். ராத்திரி பூரா மூக்குகிட்ட விரல வெச்சுட்டு உக்காந்திருக்கேன். "எல்லாக் கொளந்தையும் இப்படித்தான் அம்மிணி"ங்கறாங்க அம்மா. நெசந்தானுங்களா?

அம்மா சொல்வது சரிதான். ஆனால் எதுவரைக்கும் சரி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு பிறந்த புதிதில் முழுதாகப் பழுத்திருக்காது. மூச்சு சற்று நிற்கும். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். மூளை விழித்துக்கொண்டு நாலு மூச்சை வேகமாக இழுக்க வைக்கும். வாயு குறைந்ததும் மறுபடி ஓய்வெடுக்கும். இப்படி 5 முதல் 10 நொடி நிற்பதும் பிறகு ஓடுவதும் வழக்கமான ஒன்று. குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். சுமார் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். நீங்கள் தொட்டதால் அவன் மூச்சு வாங்கவில்லை, தொடாவிட்டாலும் வாங்கியிருப்பான்.

மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதை விடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒன்றும் தெரியாது, தூக்கம்தான் கெடும். சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். இந்த வயதில் மூச்சு வயிற்றில்தான் நன்றாகத் தெரியும். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக விழித்திருக்கும்போதோ எண்ணுங்கள். அழுது முடித்த கையோடும் பால் குடித்த கையோடும் எண்ண வேண்டாம். ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் நேரம் வைத்து முழு 60 நொடியும் எண்ணவேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவதுதான் பலர் செய்யும் தப்பு: வேகமாக ஓடும் நேரத்தில் எண்ணினால் 80 வரும், நிற்கும் நேரத்தில் எண்ணினால் 24 வரும், இரண்டுமே பொய்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60க்குள் இருந்தால் கவலையில்லை (இரண்டு மாதம் நிறைந்துவிட்டால் 60க்குப் பதில் 50தான் எல்லை). 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சில நிமிடம் விட்டு இன்னொரு தரம் எண்ணுங்கள். இரண்டாவது தடவையும் 60ஐத் தொட்டால் ராத்திரி, பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு குழியாக உள்ளே போவது, மூக்கின் ஓரம் விரிந்து விரிந்து அடங்குவது, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகுவது, பாலை இழுத்துக் குடிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவை ஆபத்தின் அடையாளம். அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 37.5 டிகிரி செல்சியசோ (99.5 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலோ இருந்தாலும், 35.5க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான். நிறம் பார்க்க நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். முதல் சில நாட்களில் கையும் காலும் மட்டும் லேசாக நீலம் பூத்திருந்தால் அது பெரும்பாலும் குளிரால் வருவது. நாக்கு நீலமானால் அவசரம்.

மூச்சு 20 நொடி நின்றாலோ, அதற்குமுன்பே நிறம் மாறினாலோ உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகை வருடுங்கள். குலுக்கவே கூடாது. அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் ஒருவர் 108ஐக் கூப்பிட்டுச் செல்போனை ஸ்பீக்கரில் போடட்டும். குழந்தையைச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கு நுனி நேராகக் கூரையைப் பார்க்கும்படி தலையை வையுங்கள். கழுத்தை அதிகம் பின்னால் வளைத்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். மார்பின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, 4 செ.மீ. ஆழத்துக்கு 30 அழுத்தம். பிறகு குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் உள்ள காற்றளவு மட்டும், நெஞ்சு எழும்பும்படி 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதையே தொடருங்கள். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. பிரசவ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே செவிலியரிடம் பொம்மையில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பல்லடம் பக்கத்திலிருந்து: தறிக் குடோனை ஒட்டின ஊடுங்க. பாப்பாவுக்கு எந்நேரமும் மூக்குல கொர்கொர்னு சத்தம். சளி ஒண்ணும் வர்றதில்லை. தண்ணி வார்க்க வர்ற ஆத்தா மூக்குல எண்ணெய் உட்டு ஊதுனா சரியாப் போகும்ங்கறாங்க.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தப்பிப் போனால் குழந்தைக்கு இருமல் வரும். எண்ணெய் போனால் இருமல்கூட வராமல் நேராக நுரையீரலில் போய்த் தங்கும். எளிதில் வெளியேறாது, நிமோனியா வரும். வாயால் ஊதினால் ஊதுகிறவரின் கிருமியும் சேர்ந்து போகும். கற்பூரத் தைலம், சாம்பிராணிப் புகை இரண்டும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். தலைமுடி காயத் துண்டு போதும். ஆத்தாவிடம் சண்டை போடாதீர்கள். "டாக்டர் திட்டுவாருங்க" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள். கால், கை நீவித் தண்ணீர் வார்ப்பதில் அவர்கள் கைப்பக்குவம் யாருக்கும் வராது.

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அந்த வழியோ மிகக் குறுகல். கொஞ்சம் உலர்ந்த சளி இருந்தாலே பெரிய ஆள் குறட்டை விடுவதுபோல் கேட்கும். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, நெஞ்சு குழியாமல் இருந்தால் அந்தச் சத்தத்துக்கு மருந்து தேவையில்லை. பால் குடிக்கத் தடையாக இருந்தால் மட்டும், மருந்துக்கடையில் 0.65 சதவீத சோடியம் குளோரைடு சொட்டு மருந்து வாங்கி, பால் கொடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு ஒரு பக்கத்துக்கு 1 அல்லது 2 சொட்டு விடுங்கள். சீசாவில் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது இந்த வயதுக்கானது அல்ல. உப்புத் தண்ணீரை வீட்டில் கலக்கவும் வேண்டாம். அளவும் தப்பும், சுத்தமும் இருக்காது.

தறிப் பஞ்சுதான் முக்கியம். குழந்தை தூங்கும் அறை குடோன் பக்கம் திறக்கக் கூடாது. தறியிலிருந்து வருபவர் சட்டை மாற்றி, கைமுகம் கழுவிவிட்டுத் தூக்கட்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் பஞ்சு பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

கரூர்: விக்கலும் தும்மலும் ஓயாம வருதுங்க.

வரட்டும். தும்மல் மூக்கைச் சுத்தம் செய்யும் வழி. விக்கலுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

பொள்ளாச்சி: அஞ்சு வாரப் பாப்பா. மூச்சு இழுக்கறப்ப கோழிக்குஞ்சு கத்தற மாதிரி சத்தம். மல்லாக்கப் போட்டா, பால் குடிச்சா, அழுதா ஜாஸ்தி. கவுந்தா குறையுதுங்க.

இது மூக்கிலிருந்து வரும் சத்தமல்ல, குரல்வளையிலிருந்து வருவது. இழுக்கும்போது மட்டும் கேட்பதும் படுக்கும் நிலைக்கேற்ப மாறுவதும் அதற்கு அடையாளம். பெரும்பாலும் குரல்வளைச் சதையும் குருத்தெலும்பும் இளசாக இருப்பதால், இழுக்கும் காற்றோடு அவையும் உள்ளே மடங்குகின்றன. முதல் சில வாரங்களில் தொடங்கி, 4 முதல் 8 மாதத்தில் கூடி, ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாக அடங்குவதுதான் வழக்கம். ஆனாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டத்தான் வேண்டும். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கு வழியே விட்டுச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். சத்தம் கேட்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரியில் குழந்தை சமர்த்தாகத் தூங்கிவிடும். எடை ஏறாமை, பாலின் நடுவே திணறல், நெஞ்சு குழிதல், நீலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போகணும். சத்தம் குறைகிறதே என்று கவிழ்த்துப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

தாராபுரம்: சேலைத் தொட்டில்ல போட்டாத்தான் தூங்கறான். தப்புங்களா?

ஆட்டித் தூங்க வைக்கலாம். தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் போடுங்கள். தொட்டிலில் உடம்பு வில்லாக வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது, குழந்தையின் மூச்சுக்குழாய் மெத்தென்ற குழாய் என்பதால் மடங்கிவிடும். அதைத் தானாக நிமிர்த்தும் பலம் அந்தக் கழுத்துக்கு இல்லை. இலவம்பஞ்சு மெத்தை புதையும். தலை உருண்டையாக வருவதற்கென்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து, மேலே ஒரு பருத்தித் துணியை இழுத்து விரித்தால் அதைவிட நல்ல படுக்கை கிடையாது. மல்லாக்கப் படுத்தால் பால் ஏறிக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை: அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், கக்கிய பால் மேலே ஏறிப் போகவேண்டும். கவிழ்ந்தால்தான் இது தலைகீழ். பால் கொடுத்ததும் 10, 15 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுப் போடுங்கள். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா: சிசேரியன்ல பொறந்ததும் நுரையீரல்ல தண்ணி நிக்குதுன்னு 2 நாள் ஐசியூல வெச்சிருந்தாங்க. திரும்ப வருமுங்களா? கொரோனா சமயத்துல வாங்குன ஆக்சிமீட்டர்ல 84 காட்டுது.

வயிற்றில் இருந்தபோது நுரையீரலில் நிறைந்திருந்த நீர், பிரசவ வலி வரும்போதுதான் உறிஞ்சப்படத் தொடங்கும். வலி வராமலே சிசேரியன் ஆனால் அது சற்றுத் தங்கும். பொதுவாக 3 நாளுக்குள் வற்றிவிடும், வற்றியது திரும்பாது. ஆக்சிமீட்டரை அலமாரியில் வையுங்கள். அது பெரியவர் விரலுக்குச் செய்தது. குழந்தையின் விரலில் ஒளி பக்கவாட்டில் கசிந்து 84ம் காட்டும், 99ம் காட்டும். பச்சிளங்குழந்தைக்குப் பாதத்தில் சுற்றும் பட்டை வேறு. வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் பார்த்து, 95க்குக் குறையாமல் இருந்ததா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். இருதயக் கோளாறு இருக்கிறதா என்று அறியச் செய்யும் சோதனை அது. எழுதியில்லை என்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா: பாப்பாவுக்கு 40 நாள். டாக்டர் நல்லாருக்குன்னு மூணு தடவ சொல்லிட்டார். ஊட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனில நைட் ஷிப்ட். அவ தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வர்றதில்லைங்க. மூச்சு நின்னு போன மாதிரியே கண்ணுல வருது. அஞ்சு நிமிசத்துக்கொருக்கா பாக்கறேன்.

பிரசவமான முதல் 10 நாளில் அழுகையும் பதற்றமும் பெரும்பாலானோருக்கு வரும். இரண்டு வாரம் தாண்டியும் குழந்தை தூங்கும்போதுகூடத் தூங்க முடியவில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் பதற்றம். கண்முன் பயங்கரம் வந்து வந்து போவதும் அதில் அடக்கம். அதனால் நீங்கள் கெட்ட அம்மா ஆகிவிட மாட்டீர்கள். எட்டிப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்காகவே மனசு மறுபடி எட்டிப் பார்க்கச் சொல்கிறது. பார்க்கப் பார்க்கப் பயம் வளர்கிறது.

ஆகவே பார்ப்பதற்கு ஒரு கணக்கு வையுங்கள். பாப்பா எப்படியும் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழுவாள். பால் கொடுத்துப் படுக்க வைத்ததும் ஒருமுறை நாக்கின் நிறம், நெஞ்சு, ஒரு நிமிட எண்ணிக்கை பாருங்கள். அடுத்த பாலுக்கு முன் பார்க்கத் தோன்றினால் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு நாளும் அதை 5 நிமிடம் கூட்டுங்கள். விடியற்காலை ஷிப்ட் முடிந்து வரும் கணவரோ, வீட்டில் இருக்கும் அம்மாயியோ பாப்பாவைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள, நீங்கள் ஒரே மூச்சாக 4 மணி நேரம் தூங்கவேண்டும். பாலைப் பீய்ச்சி வைத்தால் பாலாடையில் கொடுக்கலாம். இதற்கும் அடங்கவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு. குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினாலோ, காதில் குரல் கேட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதுவரை தனியாக இருக்கவேண்டாம்.

பர்கூர் மலையிலிருந்து: ராத்திரியில மூச்சு வாங்குச்சுன்னா நாங்க கீழ எறங்கறதுக்குள்ள நேரமாயிருமுங்க. என்ன பண்றது?

108ஐக் கூப்பிட்டதும் "பச்சைக் குழந்தை, மூச்சுத் திணறல்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்கென்று தனி ஆம்புலன்சும் அந்தச் சேவையில் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி நேராக ஓடாமல், வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு போவது நல்லது. மலையில் குளிர்ந்துபோன குழந்தைக்கு மூச்சு இன்னும் கெடும்: டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்து, மேலே போர்வை சுற்றுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு வெளியே தெரியணும். தாடை நெஞ்சில் முட்டக் கூடாது. தானாக இழுத்துக் குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, இரண்டு உலர்ந்த துணி, செல்போன் சார்ஜர் இவற்றை ஒரு பையில் போட்டு இன்றைக்கே கதவோரம் மாட்டிவிடுங்கள். கடைசியாகப் பால் குடித்த நேரத்தையும் எண்ணிப் பார்த்த மூச்சுக் கணக்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.