எலக்ட்ரிக் கிட்டாரைத் தொழிற்சாலையில் முழுக்க மெஷினே செய்துவிடுகிறதா?

"எல்லாம் மெஷின்தான், ஆட்கள் திருகு முடுக்குவதோடு சரி" என்று எங்கேயோ படித்ததாகச் சொல்லி, அப்படியென்றால் விலை ஏன் இவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கிட்டார் வாங்கும் யோசனையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிட்டார் தொழிற்சாலையில், கழுத்துப் பகுதியான நெக்கின் மேல் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளை, அதாவது ஃப்ரெட்டுகளைப் போடும் பிரிவில் பல வருடம் நின்று வேலை பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனசு வரவில்லை.

மெஷின் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தை உலர்த்தும் அறையில் வைத்து ஈரப்பதத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட் என்று எந்த மரமானாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டித்தான் பாடிக்கான பலகை. அதைக் கணினி சொன்னபடி வெட்டும் சிஎன்சி மெஷினில் ஏற்றினால் வெளிவடிவம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் உட்காரும் குழி, நெக் பொருந்தும் பள்ளம் எல்லாவற்றையும் வெட்டிக் கொடுத்துவிடும். நெக்கின் பின்பக்க வளைவையும் அதுவே செதுக்கும். அந்தத் துல்லியத்தோடு கை போட்டி போட முடியாது. குறைந்த விலைக் கிட்டார்கள் இன்று ஒழுங்காக வாசிக்கும்படி இருப்பதற்கு சிஎன்சி முக்கியக் காரணம். ஆகவே நான் மெஷினுக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

சொல்லப்போனால் இது தொழிற்சாலைக்கென்றே யோசிக்கப்பட்ட வாத்தியம். 1950-இல் ஃபெண்டர் கம்பெனியின் லியோ ஃபெண்டர் கெட்டிப் பலகையில் பாடி செய்து, நெக்கை ஒட்டாமல் திருகு போட்டு மாட்டினார். நெக் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். 1952-இல் வந்த கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டினார்கள். இரண்டு வழியும் இன்றுவரை நடக்கிறது. எது உசத்தி என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.

இனி ஃப்ரெட். நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டில் காடிகளை மெஷின் வெட்டிவிடும். தந்தியின் மீதி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம் வரும் என்ற கணக்கு அதற்குத் தெரியும். ஃப்ரெட் கம்பியை நிக்கல் சில்வர் என்பார்கள், அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். கம்பியைப் போர்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, காடியில் வைத்து அழுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் தூக்காமல் உட்காரும். ஓரத்தை வெட்டி, அரத்தால் சாய்வாக ராவுவோம். அப்புறம் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகி நெக்கை நேராக்கி, எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கரால் மை பூசுவோம். நீளமான தட்டை அரத்தை மேலே ஓட்டினால் உயர்ந்த ஃப்ரெட்டில் மை போகும், தாழ்ந்ததில் அப்படியே நிற்கும். எல்லாவற்றிலும் மை போகும்வரை ராவ வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்புகூடக் கூடாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒரு ஃப்ரெட் உயர்ந்தாலே போதும், தந்தி அதில் பட்டு இரையும். ராவியதில் தலை தட்டையாகிவிடும் இல்லையா, அதைக் குழிவான அரத்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப உருட்டி, மெருகு ஏற்ற வேண்டும். அரம் எப்போது கடிக்கிறது, எப்போது வழுக்குகிறது என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"அதற்கும் மெஷின் இருக்கிறதே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது. ஜெர்மனியில் உருவான பிளெக் மெஷின் ஃப்ரெட்டுகளை அளந்து தானே சமன் செய்யும். கிப்சனில்கூட அதுதான். நல்ல மெஷின். ஆனாலும் அதில் நெக்கை மாட்டுவதற்கு முன்னாலும் எடுத்த பின்னாலும் ஆள் வேலை இருக்கிறது.

பெயிண்ட், பாலிஷ் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது வேறு பிரிவு. புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு சில நிமிடங்களில் வேலைக்குத் தயார். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு என்றால் காய வாரக்கணக்கில் ஆகும். பிக்கப் சுற்றுவதும் தனிக் கலை. தலைமுடி கனமுள்ள செப்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். 1956-இல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகாயில் இபாரா என்ற அம்மா சுற்றிய பிக்கப்புகளை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். அதே கம்பெனியில் டாடியோ கோமஸ் என்பவர் தான் செய்த நெக்கின் அடியில் பென்சிலால் தன் முதலெழுத்தையும் தேதியையும் எழுதிவைத்தார். இந்த இரண்டு பேராவது வெளியே தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

நான் இருந்த இடத்துக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள், எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ரோபோ பெயிண்ட் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மெஷின் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உப்புத்தாள் போடும் பிரிவில் தூசி உறிஞ்சும் குழாய் பழுதானால் நாள்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மாஸ்க் கேட்டால் போன வாரம்தானே கொடுத்தோம் என்பார்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ அறிவித்துவிட்டது. எல்லா இடமும் அப்படி இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறவர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

விலைக்கு வருகிறேன். ஒரே மரம், ஒரே மெஷின் என்றாலும் ஃப்ரெட் வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதில் மலிவுக் கிட்டாரும் விலை கூடிய கிட்டாரும் பிரிந்துவிடும். பெயருக்காகக் கூட்டும் விலையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வாங்கும்போது நெக்கின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், குத்தக் கூடாது. வறண்ட காலத்தில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை வெளியே நீட்டும், அதற்கு ராவியவரைத் திட்ட வேண்டாம், கடையிலேயே ராவிக் கொடுக்கச் சொல்லலாம். அப்புறம் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். மற்ற இடமெல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால், அதே மாடலில் வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.