கல்யாணமாகி ஏழு மாசம், லாரிக்குப் போகலாமா? ஒரு விசுவாசி தம்பியோட கேள்விக்கு பதில்

தூத்துக்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 26, குடோன்ல வேலை, சம்பளம் பத்தல, கல்யாணமாகி ஏழு மாசம், மனைவி மாசமா இருக்காங்க. மச்சான் நாமக்கல்ல நேஷனல் பர்மிட் வண்டி, அதாவது மாநிலம் தாண்டி ஓடுற லாரி ஓட்டுறாராம், "ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வா, ஓனர்கிட்ட சொல்லி சேத்து விடுறேன்"னு கூப்பிடுறார். சபை மூப்பர் ஒருத்தர் லாரி தொழில் விசுவாசிக்கு ஆகாதுன்னுட்டார். ரெண்டு வாரம் உபவாசம் இருந்து ஜெபிச்சும் ஒரு அடையாளமும் கிடைக்கல, போகவா வேண்டாமான்னு கேக்குறார்.

தம்பி, நான் 19 வருஷம் லைன் வண்டி, அதாவது தூர ஊர் லாரி ஓட்டினவன், இப்போ ஹெவி வண்டி ஓட்ட கத்துக்குடுக்கிறேன், எங்க சபை கமிட்டியிலயும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சுதான் சொல்றேன்.

முதல்ல மூப்பர் சொன்னது. தொழில்ல பாவம் இல்ல. யோப்பா பட்டணத்துல பேதுரு தங்கினது தோல் பதனிடுற சீமோன் வீட்டுல, செத்த மிருகத்தோட தோல தொடுற வேலை, யூதர்கள் முகம் சுளிச்ச தொழில், ஆனா அந்த வீட்டு மாடியில ஜெபிக்கும்போதுதான் பேதுருவுக்கு தரிசனமே வந்துச்சு. நாமக்கல்ல இருந்து முட்டை போகலன்னா, கேஸ் டேங்கர் ஓடலன்னா எத்தனை வீட்டுல அடுப்பு எரியாதுன்னு யோசிங்க. ஆனா மூப்பரோட பயத்த தள்ளிடாதீங்க, அதுல அர்த்தம் இருக்கு. மாசத்துல இருபது நாள் வீட்ட விட்டு, தெரிஞ்ச முகம் ஒண்ணும் இல்லாத ஊர்ல, லோடு கிடைக்காம ரெண்டு மூணு நாள் சும்மா கிடக்கும்போதுதான் ஆள் சறுக்குறது. எய்ட்ஸ் தடுப்பு வேலையில தூர லாரி டிரைவர்கள தனியா ஒரு பிரிவா வச்சு பாத்தாங்கன்னா அது சும்மா இல்ல, நாமக்கல் பக்கம் அதுக்கு பலியான குடும்பங்கள நானே பாத்திருக்கேன். வண்டி ஓடுறப்ப வர்ற சோதனைய விட வண்டி நிக்கிறப்ப வர்றதுதான் பெருசு.

அடுத்தது அடையாளம். பைபிள்ல கிதியோன் கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்டு ஆட்டுத் தோலை விரிச்சு வச்ச மாதிரி நீங்களும் காத்திருக்காதீங்க. கோபுரம் கட்டுறவன் முதல்ல உக்காந்து செலவ கணக்கு பாக்க மாட்டானான்னு ஆண்டவரே லூக்கா 14ல கேக்குறார். அப்படி உக்காந்து கணக்கு பாக்குறதும் ஜெபம்தான், என்னைக் கேட்டா இந்த விஷயத்துல அதுதான் பெரிய ஜெபம்.

அந்த கணக்குல மொத வரி ஓனர். மச்சான்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. மாச சம்பளமும் பேட்டாவுமா, இல்ல வாடகையில பர்சென்ட்டா? டிரிப் அட்வான்ஸ்ல குறைஞ்சா யார் தலையில விழும்? வழியில குடுக்குற மாமூல், பஞ்சர், சரக்கு நனைஞ்சா பிடிக்கிற காசு, இதெல்லாம் யாரோடது? லோடு எடைக்கு மேல ஏத்துவாரா? ஏன் கேக்க சொல்றேன்னா, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு நீதிமொழிகள் 11ல படிச்சுட்டு அடுத்த நாள் நாலு டன் அதிகமா ஏத்தின வண்டிய எடுக்க சொன்னா மனசாட்சி என்ன ஆகும்? சட்டப்படி பாத்தாலும் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, ஓட்டுறவனும் குற்றவாளிதான். நான் ரெண்டாவதா வேலை பாத்த ஓனர், பேர் வேண்டாம், நல்லாதான் பேசுவார், ஆனா டீசல் பில்ல கூட்டி எழுதிட்டு வான்னு அவரோட மேனேஜரே சொல்லுவார். மூணு மாசம் எழுதினேன். கர்த்தர் உணர்த்தினதும் விட்டேன், வேலையும் போச்சு, அந்த மூணு மாசத்துக்கு இன்னைக்கும் மனசு உறுத்துது.

ரெண்டாவது வரி தூக்கம். டிரைவர்களுக்கு சாதாரணமா நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு 1961லேயே சட்டம் எழுதினாங்க, ரோட்டுல அது எங்க நடக்குதுன்னு நீங்களே பாருங்க. "ஜெபிச்சுட்டு ஏறினேன், கர்த்தர் காப்பாத்துவார்"னு சொல்லிட்டு ராத்திரி மூணு மணிக்கு கண்ண கசக்கிக்கிட்டு ஓட்டுறத தயவுசெஞ்சு விசுவாசம்னு சொல்லாதீங்க. பவுல் பிரசங்கம் பண்ணிட்டு இருக்கும்போதே ஐத்திகு தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்தான், தூக்கம் அப்படித்தான், பரிசுத்தவான் பக்கத்துல இருந்தாலும் வரும். வந்தா ஓரமா நிறுத்தணும். நிறுத்தினா திட்டுற ஓனர்கிட்ட சேரவே சேராதீங்க.

விபத்து பத்தியும் சொல்லிடறேன், உங்க அம்மாவோட பயம் அதுதான்னு லெட்டர்ல எழுதியிருக்கீங்க. அடிபட்டவன ஆஸ்பத்திரிக்கு சேக்குறது டிரைவரோட கடமைன்னு மோட்டார் வாகன சட்டம் 134ஆம் பிரிவுல இருக்கு, கூட்டம் அடிக்க வந்தா அங்க நிக்க முடியாதுன்னும் அதே பிரிவு ஒத்துக்குது, அப்போ நேரா பக்கத்து ஸ்டேஷனுக்கு போயிடணும். அடுத்தவன் இடிச்சுட்டு போன ஆளுக்கு நீங்க உதவினா உங்க மேல கேஸ் வராதபடி 2019 திருத்தத்துல 134ஏ சேத்தாங்க, அதுக்கு பேரே நல்ல சமாரியன் பாதுகாப்பு. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில எரிகோ ரோட்டுல அடிபட்டு கிடந்தவன பாத்துட்டு விலகிப் போனாங்களே ஆசாரியனும் லேவியனும், அந்த இடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள நிறுத்துற தொழில் இது.

இப்போ உங்க நிலைமை. என் முடிவ நேரா சொல்றேன்: லாரிக்கு போங்க, ஆனா இந்த வருஷம் நேஷனல் பர்மிட் வேண்டாம். புதுசா கல்யாணம் பண்ணினவன யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது, ஒரு வருஷம் வீட்டுல இருந்து மனைவிய சந்தோஷப்படுத்தணும்னு உபாகமம் 24:5 சொல்லுது. அது இஸ்ரவேலுக்கு குடுத்த சட்டம், நமக்கு கட்டளைன்னு நான் சொல்லல, ஆனா கர்த்தரோட மனசு அதுல தெரியுதுல்ல. என் மூத்த பொண்ணு பொறந்தப்ப நான் நாக்பூர்ல லோடு இறக்க காத்துக்கிட்டு இருந்தேன், குழந்தை முகத்த பாக்க பதினோரு நாள் ஆச்சு. அந்த வாடகையில எவ்வளவு வந்துச்சுன்னு இப்போ ஞாபகம் இல்ல, அந்த பதினோரு நாள எங்க வீட்டம்மா இன்னும் மறக்கல.

அதுக்காக குடோன்லயே கிடக்க சொல்லல. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, கார் ஓட்டுற எல்எம்வி லைசென்ஸ் இருந்தாலே மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டி ஓட்டலாம், தனியா எழுதி வாங்க வேண்டாம். அப்போ குட்டியானை, 407 மாதிரி வண்டியில உள்ளூர் லோடு இன்னைக்கே ஓட்டலாம், ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். எல்எம்வி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தா ஹெவிக்கு எல்எல்ஆர் (பழகுனர் லைசென்ஸ்) போடுங்க, டாக்டர்கிட்ட உடல்தகுதி சான்று, ஃபார்ம் 1ஏ வாங்கணும், கண்ண நல்லா டெஸ்ட் பண்ணிக்கோங்க. எட்டாவது பாஸ்ங்கற கட்டாயத்த 2019லயே எடுத்துட்டாங்க. ஹெவி கைக்கு வந்ததும் உங்க ஊர்லயே துறைமுகம் இருக்கே, மதுரைக்கும் சிவகாசிக்கும் கண்டெய்னர் ட்ரெய்லர் போய்ட்டு திரும்புது, அதுல ரெண்டாவது டிரைவரா ஏறுங்க, ரிவர்ஸ் எடுக்கறதும் லோடு கட்டறதும் அங்கதான் படியும். குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் நாமக்கல் பத்தி பேசலாம், மச்சான் எங்கயும் போயிட மாட்டார்.

லீவு கிடைச்சா அதுக்கு முன்னாடியே மச்சான் வண்டியில ஒரு டிரிப் சும்மா கூட போய்ட்டு வாங்க, குறைஞ்சது ஒரு வாரம். ஞாயித்துக்கிழமை எங்க நிக்கிறீங்க, யார் கூட சாப்பிடுறீங்க, போன்ல வீட்டுக்கு எத்தனை தடவை பேச முடியுதுன்னு எழுதி வைங்க. திரும்பி வந்து அத உங்க மனைவிகிட்ட முதல்ல படிச்சு காட்டுங்க, மூப்பர்கிட்ட அப்புறம். உங்க லெட்டர்ல மச்சான் சொன்னது, மூப்பர் சொன்னது, அம்மா சொன்னது எல்லாம் இருக்கு, அந்தப் பொண்ணு என்ன சொன்னாங்கன்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல தம்பி.